குஜராத்திக் கல்யாணங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த சடங்கு எது?

மாமேரு. நம்மூர் தாய்மாமன் சீருக்கு அங்கே அதுதான் பெயர். மோசாளு என்றும் சொல்வார்கள்.

வேலை நிமித்தமாக அகமதாபாத் மணிநகரில் ஆறு வருடம் குடியிருந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் ராஜ்கோட் பக்கத்துப் பட்டேல். ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கங்கோத்ரி தருகிறேன்" என்றார். கங்கைத் தீர்த்தம் வருகிறது என்று நினைத்து என் மனைவி செப்புச் சொம்பைப் புளி போட்டு விளக்கி வைத்தாள். வந்தது அவர் தங்கையின் கல்யாணப் பத்திரிகை. குங்குமம் இட்ட பத்திரிகைக்குத்தான் அங்கே கங்கோத்ரி என்று பேர். தாலி கட்டும் நேரம் என்று அதில் எதுவும் போடவில்லை. ‘ஹஸ்தமேளாப்’ என்று ஒரு நேரம் இருந்தது. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்கும் நேரம். மங்கல்சூத்திரமும் உண்டு, ஆனால் நம் கெட்டிமேளம் அளவுக்கு அதற்கு ஆர்ப்பாட்டம் கிடையாது.

கல்யாணம் டிசம்பர் முதல் வாரம். நம் மார்கழி மாதிரி அவர்களுக்கும் கமூர்த்தா என்று ஒன்று இருக்கிறது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 14 உத்தராயணம் வரை கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய வாரங்களில் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் குதிரைக்கும் ஒரே அடிதடி.

மஞ்சள் பூசும் பீட்டி, ராத்திரி கர்பா ஆட்டம் இதெல்லாம் நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். (கர்பா 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில்கூட ஏறிவிட்டது.) மாமேருவுக்கு வருகிறேன்.

டோல் அடித்துக்கொண்டு மாமா வீட்டார் தெருமுனையிலிருந்து வந்தார்கள். பத்திருபது தட்டுகள். முந்திரி, பாதாம், மோகன்தால், வளையல், நகை. நடுத்தட்டில் பானேதர்: வெள்ளைப் பட்டு, சிவப்புக் கரை. மணமேடையில் பெண் உட்காருவது மாமா தந்த இந்தப் புடவையில்தான். புகுந்த வீட்டார் தருவது கர்சோளு, கட்டம் கட்டமாக ஜரிகை ஓடும் சிவப்புப் புடவை. சடங்கு நடக்க நடக்க அதை மேலே போர்த்திவிடுகிறார்கள். வெள்ளையில் வந்த பெண் சிவப்பில் புறப்படுகிறாள்.

வாசலில் நின்ற நண்பரின் அம்மா, தம்பியைப் பார்த்ததும் திலகம் இட வந்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். அழுகை. அந்த மாமாவுக்கு ஜாம்நகர் பக்கம் நிலக்கடலை விவசாயம், இரண்டு வருடமாக மழை சரியில்லை என்று நண்பர் பிறகு சொன்னார். தட்டுகளில் அது தெரியவில்லை.

இந்தச் சீரின் பாரம் அவர்களுக்குப் புதிதல்ல. காந்திக்குப் பிடித்த ‘வைஷ்ணவ ஜன தோ’ பாடலை எழுதிய நரசி மேத்தா, 15-ஆம் நூற்றாண்டு ஜூனாகட் கவிஞர், பரம ஏழை. மகள் குன்வர்பாய்க்குச் சீமந்தம். அதற்குப் பிறந்த வீட்டார் வைக்கும் சீருக்கும் மாமேரு என்றுதான் பேர், அப்பா கொண்டுவர வேண்டும். சம்பந்தி வீட்டார் வேண்டுமென்றே நீளமான பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். இவர் கையில் தாளத்தைத் தவிர ஒன்றும் இல்லை, பாடுகிறார். கிருஷ்ணன் வியாபாரி வேடத்தில் வந்து பட்டியலில் உள்ளதையெல்லாம் இறக்கிவிட்டுப் போகிறான். 17-ஆம் நூற்றாண்டில் பிரேமானந்த் இதைத் தனிக் காவியமாகவே பாடினார். கடவுளே வந்து சீர் வைக்கும் கதையை ஒரு சமூகம் இத்தனை நாள் பாடுகிறது என்றால், எத்தனை மாமாக்கள் கடன் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வரவேற்பையும் சொல்லிவிடுகிறேன். குதிரையில் வந்து இறங்கியவரை மாமியார் வாசலில் நிறுத்தி, மரத்தால் செய்த குட்டி நுகத்தடி, உலக்கை, மத்து என்று ஒவ்வொன்றாகச் சுற்றி எடுக்கிறார். காலடியில் வைத்த மண் சட்டியை மாப்பிள்ளை மிதித்து உடைக்கிறார். அப்புறம் மாமியார் சட்டென்று அவர் மூக்கைப் பிடிக்கப் பாய்கிறார்! பெண் கேட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்தவன்தானே நீ என்று அர்த்தமாம். தோழர்கள் அரண் கட்டியும் நண்பரின் அம்மா பிடித்தேவிட்டார். நம்மூரில் இதைச் செய்தால் சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே பஞ்சாயத்து கூடிவிடும். அங்கே போதாக்குறைக்குப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ‘ஃபடாணா’ பாடுகிறார்கள், சம்பந்தி வீட்டாரை மானாவாரியாகக் கேலி செய்யும் பாட்டு. கேலிக்கு ஆளானவர்களும் கூடவே கை தட்டுகிறார்கள்.

"கன்யா பத்ராவோ, சாவதான்!" என்று சாஸ்திரி குரல் கொடுத்ததும் பெண்ணைக் கைபிடித்து அழைத்துவந்தவரும் அதே மாமாதான். பிறகு ஹஸ்தமேளாப், அக்கினியைச் சுற்றி நான்கு வலம். வடக்கே என்றால் ஏழு வலம் என்று நாம் நினைப்போம், அங்கே வலம் நான்கு, ஏழடி வைப்பது தனி. நான்காவது வலம் முடிந்ததும் யார் முதலில் உட்காருகிறார்களோ அவர் சொல்தான் வீட்டில் செல்லும். தங்கை அரை வலத்திலேயே குறி வைத்துவிட்டாள்.

சாப்பிடும் முன் சாந்த்லோ எழுதினேன். நோட்டும் பேனாவுமாக ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம், மொய்தான். ஊர் பெயர் கேட்டார், "திருநெல்வேலி" என்றேன். குஜராத்தி எழுத்தில் அதை எழுதி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

பந்தியில் அந்த மாமா பக்கத்தில் இடம் கிடைத்தது. உங்கள் ஊரில் மாமேரு உண்டா என்று கேட்டார். உண்டு, மாமா என்ற சொல்லும் அதேதான் என்றேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் பக்கம் தாய்மாமனே அக்கா மகளைக் கட்டிக்கொள்வதும் உண்டு" என்று சொல்லிவிட்டேன். பூரியைப் பிட்ட கை அந்தரத்தில் நின்றது. அவர்களுக்கு அக்கா மகள் சொந்த மகள் மாதிரி, நினைத்தே பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஸ்ரீகண்டை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"அது சரி பாய், மாமாவே மாப்பிள்ளை என்றால் மாமேரு யார் கொண்டுவருவார்?"