ஈரோட்டிலிருந்து ஒரு நாள் ரோடு சைக்கிள் பயணம்: ஹைவே தொடாமல், ஏறி இறங்கும் வயல்காட்டுச் சாலையில், பழைய ஊர்கள் வழியாக எந்த ரூட் நல்லது? புது வண்டி, 25 மி.மீ. அகல டயர். தனியாகப் போகலாமா?

இதற்கு வந்திருக்கும் பதில்களில் பாதி ஊட்டி, வால்பாறை, கொல்லிமலை என்றே போகிறது. கேட்டவர் கேட்டது ஏறி இறங்கும் வயல்காட்டுச் சாலையும் பழைய ஊர்களும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவது வேறு வேலைங்க. சிறுவாணி ரோட்டையும் ஆனைகட்டியையும் விட்டுவிட்டேன் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதிகாலையில் யானை நிற்கும் சாலையைப் புதிதாக ஓட்டுபவருக்குச் சொல்ல மனசில்லை.

ஈரோடு, புது வண்டி, 25 மி.மீ. டயர் என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதை வைத்துச் சொன்னால்: அறச்சலூர், நத்தக்காடையூர், காங்கேயம், சிவன்மலை, படியூர், கொடுமணல், சென்னிமலை, மறுபடி அறச்சலூர். எந்தக் குறுக்குச் சாலை பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 70 முதல் 80 கி.மீ. வரும். முதல் தடவை சைக்கிளைக் காரில் அறச்சலூர் வரை கொண்டுபோய்விடுங்க. கால் பழகிய பிறகு ஈரோட்டிலிருந்தே ஓட்டி, சென்னிமலையிலிருந்து வெள்ளோடு வழியாகத் திரும்பினால் 110-ஐத் தாண்டும்.

கிளம்பும் நேரத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க. கொங்கில் ரூட் போடுவது மேப்பை வைத்து அல்ல, காற்றை வைத்து. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டர் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் என்று வீசுகிறது. தாராபுரம் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது அதனால்தான். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே மேற்கே போகும் பாதியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஆறு மணிக்கு முன் அறச்சலூரை விட்டால் படியூர் வரை எதிர்காற்றுத் தொல்லை குறைவு. கொடுமணலிலிருந்து கிழக்கே திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். இதையே தாமதமாகக் கிளம்பி ஓட்டினால் பதினோரு மணி வெயிலில் காங்கேயம் ரோட்டில் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் திணறிக்கொண்டிருப்பீர்கள்.

பக்கக் காற்று இன்னொரு வகை. 50 மி.மீ. ஆழ ரிம் போட்டிருந்தால் ஆடியில் அதைக் கழற்றி வைத்துவிடுங்க. லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று, கடந்ததும் மறுபடி அறையும்; முன்சக்கரம் விலகுவது அந்த நேரத்தில்தான்.

அடுத்தது முள். காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்வது இதில்தான். கண்ணுக்கு அழகு, டயருக்கு எமன். வேலி வெட்டிய வாரம் சாலை ஓரம் முழுக்க முள் கிடக்கும். ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே ஓட்டுங்க. 25 மி.மீ. டயரை மாற்றி 28 போடுங்க, ஃபிரேமில் இடமிருந்தால் 32. எழுபது கிலோ ஆளுக்கு 28-இல் முன்னே 75, பின்னே 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். 110 ஏற்றினால்தான் வேகம் என்பவர்கள் இந்தப் பக்கத்து ரோட்டின் ஜல்லியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாதாடட்டும்.

பஞ்சரானால் ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்க. வெறும் விரலால் வேண்டாம், முள் ஏறும். துணி சிக்கும் இடத்தில் முள் முனை இருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதே ஓட்டை விழும். இரண்டாவது ட்யூபும் போனதென்று புலம்பல் கேட்டால், பெரும்பாலும் முதல் முள் உள்ளேயே இருந்திருக்கும். வால்வு பிரெஸ்டா (ரோடு சைக்கிளில் வரும் மெல்லிய வகை) என்றால் பித்தளை அடாப்டர் கட்டாயம் வேண்டும்; ஊர்ப் பஞ்சர் கடைப் பம்ப் நேராகப் பொருந்தாது. கம்ப்ரஸரில் பிடிக்கச் சொன்னால் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க, சின்ன ட்யூப் ஒரே மூச்சில் வெடித்துவிடும். ட்யூப்லெஸ்காரர்களுக்கு: ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பாருங்க.

ஊர்களைப் பற்றி. படியூர்ப் பக்கம் பெரில் என்ற மணிக்கல் கிடைத்தது. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் சங்ககாலத்திலேயே கல்லைப் பட்டை தீட்டி மணியாக்கினார்கள், இரும்பும் உருக்கினார்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இதைத்தான் என்பார்கள். அறச்சலூர் நாகமலைப் பாறையில் தமிழ்ப் பிராமியில் ஆட்டத்துக்கான தத்தகாரம், அதாவது தாளச் சொற்கட்டு, வெட்டியிருக்கிறது. அதைப் பொறித்தவன் தன்னை மணிய வண்ணக்கன் என்று சொல்லிக்கொள்கிறான், அதாவது மணி சோதிப்பவன். சுற்று முழுக்கவே மணி வியாபாரப் பாதைதான். பக்கத்தில் ஓடாநிலை, தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த ஊர். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

கொடுமணலில் பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீங்க. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். காட்டுக்குள் பழைய ஈமச்சின்னங்களான குத்துக்கல்லும் கல்வட்டமும் நிற்கும். அது யாரோ ஒருவருடைய நிலம், கேட்டுவிட்டு இறங்குங்க. மண்ணில் மினுங்கும் கல்துண்டைப் பையில் போடாதீங்க.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இரண்டாயிரம் வருஷப் பாறையிலும் காதலர் பெயரைப் பெயிண்டில் எழுதுகிறார்கள். திருப்பணி என்று கல்வெட்டுச் சுவரில் எனாமல் அடிப்பதும், கருவறை முன்னே டைல்ஸ் ஒட்டுவதும் கொங்கில் ஊருக்கு ஊர் நடக்கிறது. நடுகல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டாலாவது கல் மிஞ்சும். எதிர்த்துக் கேட்டால் பக்தியில்லாதவன் என்பார்கள்.

சரி, சாலைக்கு வருவோம். மேப்பில் கோடு தெரிகிறது என்று இட்டேரிக்குள் (தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்தடம்) நுழைந்துவிடாதீங்க. இரண்டு பக்கமும் வேலி, கீழே மணல், ரோடு சைக்கிள் சிக்கிக்கொள்ளும். படியூரிலிருந்து கொடுமணலுக்கு நொய்யலைத் தாண்ட வேண்டும். மழைக்காலமானால் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறதா என்று முந்தின ஊரிலேயே கேளுங்க. சாயக்கழிவு வந்த ஆறு அது, முகம் கழுவக்கூட வேண்டாம். தை, மாசியில் கொள்ளும் சோளத்தட்டும் சாலையிலேயே காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும், முன்னமே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்க.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர், பங்குனி சித்திரையில் ஒரு லிட்டர். படியூரில் இரண்டு பாட்டிலையும் நிரப்புங்க, அடுத்து கடைகள் குறைவு. தோட்டத்துச் சாளை (வீட்டு) நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்க. மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் அதற்கு உற்சாகம் கூடும்.

சென்னிமலை மேலே போக 1320 படி, தார்ச்சாலையில் போனால் நாலு கிலோமீட்டர் அளவு. கியர் முன்னே 34 பல், பின்னே 32 பல் இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்க. இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விடுங்க. குரங்கு இருக்கும், வாழைப்பழத்தை வெளியே தொங்கவிடாதீங்க.

ஏற்றமே வேண்டாம் என்றால் பவானியிலிருந்து கொடுமுடி வரை காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய ஊர்கள். 13-ஆம் நூற்றாண்டு வாய்க்கால், மஞ்சள் காடு. கரைமேல் மண்பாதை வரும், 32-க்குக் குறைந்த டயரில் கரை ஏறாதீங்க. கோபி, கொடிவேரிப் பக்கம் நெல் வயல் சமதளம், அங்கே கவலையில்லை.

தனியாகப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பகலில் தாராளமாக. இருட்டிய பிறகு காங்கேயம் ஈரோடு ரோட்டில் வேண்டாம். தேங்காய், அரிசி லாரிகள் ஹை பீமை இறக்க மாட்டார்கள், சாலை ஓரத்துப் பள்ளம் உங்களுக்குத் தெரியாது.