பிரெஞ்சு டோஸ்ட் ஏன் வெளியே கருகி உள்ளே ஈரமாகவே இருக்கிறது? முட்டை வாடை வராமல் செய்வது எப்படி?

மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள்: வெளியே கருகிவிடுகிறது, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது, வாயில் வைத்தால் முட்டை வாடை. பாலைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பாலைக் குறைத்தால் ரொட்டிக்கு ஆம்லெட் போர்த்திவிட்ட மாதிரி ஆகும், வாடையும் கூடும். முட்டை, பால் அளவெல்லாம் எந்தச் செய்முறையை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோளாறு பெரும்பாலும் ரொட்டியில் இருக்கும், இல்லையென்றால் அடுப்பில்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். பிரெஞ்சு டோஸ்ட் என்பது ரொட்டிக்குள் வேகும் கஸ்டர்ட், அதாவது முட்டையும் பாலும் சேர்ந்து சூட்டில் கெட்டியாகும் கலவை. பால் கலந்து நீர்த்துப்போன முட்டை கெட்டியாக 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு வேண்டும். மேல்பக்கம் பொன்னிறமாகி மணம் வருவதோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் எடுக்கும். தவாவைத் தொடும் பக்கம் அந்தச் சூட்டுக்குச் சட்டென்று போய்விடும். நடுப்பகுதிக்கு மெல்ல மெல்லத்தான் சூடு ஏறும், ஏனென்றால் அங்கே முழுக்க ஈரம். தீயைக் கூட்டினால் வெளிப்பக்கம்தான் முந்திக்கொண்டு ஓடுமே தவிர நடு அதே இடத்தில்தான் நிற்கும். ஆக, கருகுவதும் சொதசொதப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

இப்போது ரொட்டி. 'பழைய ரொட்டி நல்லது' என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ரொட்டி பழசாகும்போது கெட்டிப்படுவதற்கு ஈரம் போவது மட்டும் காரணமில்லை. அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவதுதான் முக்கியக் காரணம். கவருக்குள் கட்டி வைத்த ரொட்டிகூட நான்கு நாளில் விறைத்துவிடும், ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த இறுகல் இன்னும் வேகமாக நடக்கும். அதைத் தவாவில் போட்டுச் சூடாக்கினதும் மறுபடி தளர்ந்து, பழைய ஈரம், புதுப் பால் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும். நமக்கு வேண்டியது காய்ந்த ரொட்டி. துண்டுகளை ஒரு கம்பித் தட்டில் ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். அவசரமென்றால் 130 டிகிரி ஓவனில் பதினைந்து இருபது நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. நிறம் மாறக் கூடாது. விரலால் தேய்த்தால் மேல்பக்கம் சொரசொரவென்று இருக்க வேண்டும், அழுத்தினால் நடுவில் லேசாக அமுங்க வேண்டும். பூஞ்சை பிடித்தது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த இடத்தைக் கிள்ளிப் போட்டாலும் இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

எந்த ரொட்டி? பிரியோஷ், ஹாலா, பால் ரொட்டி போன்ற முட்டையோ வெண்ணெயோ பாலோ சேர்ந்தவை இதற்கென்றே பிறந்தவை. துண்டு ஒன்று 2 முதல் 2.5 சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். ஏற்கெனவே மெல்லிசாக நறுக்கி விற்கும் சாண்ட்விச் ரொட்டிதான் கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை, ஆனால் அதிலிருந்து நடுவில் மெத்தென்ற கஸ்டர்டை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு இடமே இல்லை. பெரிய பெரிய ஓட்டைகள் உள்ள புளிப்பு மாவு ரொட்டி சாப்பிட ருசிதான், ஆனால் கலவை ஓட்டை வழியே ஒழுகித் தவாவில் தனியாகப் பொரியும்.

கலவைக்கு வருவோம். தடிமனான நான்கு துண்டுக்கு மூன்று முட்டை, 180 மில்லி பால், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் வெனிலா எசன்ஸ், கால் டீஸ்பூன் பட்டைப் பொடி, தாராளமாக ஒரு சிட்டிகை உப்பு. என்னைக் கேட்டால் வெனிலாவை விட்டாலும் உப்பை விடாதீர்கள். உப்பில்லாத பிரெஞ்சு டோஸ்ட் எவ்வளவு இனிப்பு ஊற்றினாலும் சப்பென்றுதான் இருக்கும். பாலில் கால் பங்குக்கு க்ரீம் சேர்த்தால் நடுப்பகுதி இன்னும் வழுவழுப்பாகும். சர்க்கரையை இதற்கு மேல் கூட்ட வேண்டாம், கலவையில் அது அதிகமானால் நடு வேகும் முன்பே வெளியே கருகும். இனிப்பு வேண்டுமென்றால் தட்டுக்கு வந்த பிறகு மேலே சேர்க்கலாம்.

கலக்கும் வரிசைதான் பலரும் கோட்டைவிடும் இடம். முட்டையையும் பாலையும் ஒன்றாக ஊற்றி முள்கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் வெள்ளைக்கரு உடையாது. பாலுக்குள் வழுக்கி வழுக்கி ஓடும், கரண்டியில் சிக்காது. அப்புறம் அந்தக் கட்டி அப்படியே ரொட்டியின் மேல் உட்கார்ந்து, தவாவில் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். பொன்னிற டோஸ்டில் ஆங்காங்கே அவித்த முட்டை ஒட்டின மாதிரி தெரிகிறதே, அது இதுதான். முட்டை வாடை என்று நீங்கள் சொல்வதில் பாதி அந்தத் திட்டுகளிலிருந்து வருவது. அதனால் முதலில் சர்க்கரை, பட்டைப் பொடி, உப்பு மூன்றையும் கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். பட்டைப் பொடியை நேராகப் பாலில் போட்டால் நனையாமல் மேலே மிதந்து, முதல் துண்டிலேயே மொத்தமும் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையோடு போனால் ஓரளவு பரவும். அதில் முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்காமல் தண்ணீர் மாதிரி வழியும்வரை அடியுங்கள். பிறகுதான் பால், கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் வடிகட்டிவிட்டால் மிச்சமிருக்கும் கட்டியும் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு வாடை உறுத்துகிறதென்றால் வெள்ளைக்கருவைக் குறையுங்கள். வேகும்போது கந்தக வாடை பெரும்பாலும் வெள்ளைக்கருவிலிருந்துதான் கிளம்புகிறது, அதுவும் சூடு அதிகமானால். மூன்று முழு முட்டைக்குப் பதில் ஒரு முழு முட்டை, மூன்று மஞ்சள்கரு என்று போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஊறவைக்க அகலமான தட்டையான பாத்திரம் எடுங்கள், குழிவான கிண்ணம் வேண்டாம். நன்றாகக் காய்ந்த தடிமனான துண்டு ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இரண்டு நிமிடம் கேட்கும். மெல்லிய சாண்ட்விச் ரொட்டிக்குப் பதினைந்து இருபது நொடி போதும், அதற்கு மேல் போனால் கையோடு பிய்ந்து வரும். துண்டை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தளர்ந்து வளைய வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. சந்தேகமிருந்தால் முதல் துண்டை நடுவில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளே வெள்ளையாக வறண்ட கோடு தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஊற வேண்டும். தூக்கும்போது சொட்டுவது நின்ற பிறகு தவாவுக்குக் கொண்டுபோங்கள்.

கொழுப்புக்கு வெண்ணெய்தான். எண்ணெய் கலந்தால் வெண்ணெய் கருகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மையில்லை. கருகுவது வெண்ணெயிலுள்ள பால் புரதம், பக்கத்தில் எண்ணெய் இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாலைந்து சுற்று சுட வேண்டுமென்றால் அந்தப் புரதத்தையே நீக்கிய நெய்யில் சுட்டு, கடைசி அரை நிமிடம் மட்டும் ஒரு துண்டு வெண்ணெய் போடுங்கள், மணம் வந்துவிடும். இரண்டு மூன்று துண்டுதான் என்றால் வெண்ணெயே போதும். அது உருகி, நுரைத்து, நுரை அடங்கும்போது ரொட்டியைப் போட வேண்டும். 'சுர்ர்' என்று மெல்லிய சத்தம் வந்தால் சூடு சரி. பெரிய சத்தமும் புகையும் வந்தால் தவாவை ஒரு நிமிடம் இறக்கி வையுங்கள்.

அப்புறம் தீ நடுத்தரத்துக்கும் கீழே. பக்கத்துக்கு மூன்றிலிருந்து நான்கு நிமிடம். கரண்டியால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் உள்ளே ஊறியதெல்லாம் வெளியே வந்துவிடும். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு விரல் போதும். நடுவில் லேசாகத் தொட்டால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். அமுங்கியபடியே நின்றாலோ, ஓரத்தில் பால் கசிந்தாலோ இன்னும் வேகவில்லை. வெந்த துண்டு நடுவில் கொஞ்சம் உப்பியும் இருக்கும். தெர்மாமீட்டர் உள்ளவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம். முட்டை பாதுகாப்பாக வெந்ததற்கு 71 டிகிரி என்பார்கள், எனக்கு 80 வாக்கில் இருந்தால்தான் பதம் பிடிக்கும். ரொம்பத் தடிமனான துண்டு என்றால் இரண்டு பக்கமும் நிறம் வந்ததும் 180 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்து எடுப்பது நல்ல வழி. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் தவாவைத் துடைத்துவிடுங்கள். அடுத்த துண்டில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் முந்தைய சுற்றின் மிச்சம்தான்.

மொறுமொறுவென்ற மேல்பக்கம் பிடிக்குமென்றால் திருப்புவதற்குச் சற்று முன்பு மேலே கொஞ்சம் சர்க்கரை தூவித் திருப்புங்கள். அது வெண்ணெயில் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பக்கத்தை விட்டு ஒரு நொடியும் கண்ணை எடுக்கக் கூடாது.

முட்டையே இல்லாமல் முடியுமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். முடியும், கஸ்டர்ட் பவுடர் போட்டு. 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் அதைச் செய்ததே முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான். அதிலிருப்பது சோளமாவு, அதனால் பதம் கொஞ்சம் மாறும். 200 மில்லி பாலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுக் கலந்து, அடியில் தங்காமல் ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் கலக்கிவிடுங்கள். ரோமானியர் காலத்துக் குறிப்பு ஒன்றிலும் ரொட்டியைப் பாலில் நனைத்து, பொரித்து, தேன் ஊற்று என்றே வருகிறது, முட்டை இல்லை.

வேலை முடியும்வரை சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவியில் மேல்பக்கம் நனைந்து தொய்ந்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி 95 டிகிரி ஓவனில் வைத்தால் இருபது நிமிடம் தாங்கும். மீந்தால் ஆறவைத்து, ஒட்டாமல் தனித்தனியாக உறைய வைத்துப் பைக்கு மாற்றிவிடுங்கள். வேண்டும்போது ஃப்ரீசரிலிருந்து நேராக டோஸ்டரிலோ ஓவனிலோ போடலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், ரப்பர் ஆகிவிடும்.