ஆறு நாவல், மொத்தத் தொகை, வேறொரு பெயர்

கேள்வி: எனக்கு வயது 34. கணக்கர் வேலையில் இருக்கிறேன். பதின்ம வயதினருக்காக நான் எழுதிய இரண்டு மர்ம நாவல்கள் வெளிவந்திருக்கின்றன, விற்பனை சுமார்தான். இப்போது ஒரு பதிப்பகம் ஆறு நாவல்கள் கொண்ட துப்பறியும் தொடர் ஒன்றை எழுதித்தரக் கேட்கிறது. கதைச்சுருக்கத்தை அவர்களே தருவார்கள். அட்டையில் அவர்கள் வைத்திருக்கும் புனைபெயர்தான் இருக்கும். ராயல்டி கிடையாது, நாவலுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? வீட்டில், “பெரியவர்களுக்கு எழுதினாலாவது நாலு பேருக்குத் தெரியும்” என்கிறார்கள். என் மூன்றாவது நாவலின் முதல் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வேலையை விடாதீர்கள். உங்களுக்குத் திறமை போதாது என்று சொல்லவில்லை, கணக்கு உதைக்கிறது. நீங்களே கணக்குப் பார்ப்பவர். அவர்கள் சொல்லும் தொகையை முதல் பிரதி எழுத ஆகும் மாதங்களால் மட்டும் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். அதோடு இரண்டு முறை திருத்தி எழுதுவது, பிழை பார்ப்பது, பதிப்பாசிரியரின் பதிலுக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பணம் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணை புத்தகம் அச்சானபிறகு என்றிருந்தால், அந்தத் தேதி உங்கள் கையில் இல்லை.

ஆனால் வாய்ப்பை உதறவும் வேண்டாம். இந்த ஏற்பாடு புதிதுமில்லை, கேவலமுமில்லை. 1930இல் அமெரிக்காவில் தொடங்கிய நான்சி ட்ரூ துப்பறியும் வரிசையின் அட்டைகளில் கரோலின் கீன் என்று இருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. முதல் 30 புத்தகங்களில் 23ஐ எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். ஸ்ட்ராட்மயர் சிண்டிகேட் என்ற நிறுவனம் கதைச்சுருக்கம் கொடுத்தது, அவர் நாவலாக்கினார். ஆரம்பத்தில் புத்தகத்துக்கு 125 டாலர், அதோடு சரி. உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டதால், விற்பனை லட்சங்களைத் தொட்டபிறகும் அவருக்கு ராயல்டி இல்லை. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த ஒரு வழக்கில் அவர் சாட்சி சொல்ல வந்தபோதுதான் இவர்தான் கரோலின் கீன் என்பது வெளியே பரவலாகத் தெரிந்தது.

பாவம் என்று உச்சுக்கொட்டத் தோன்றும். எனக்கு அவர் கதையில் பிடித்தது வேறு. அந்த வரிசைக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே சொந்தப் பெயரிலும் பெண் துப்பறிவாளர் கதைகள் எழுதினார். பின்னால் செய்தியாளராகிப் பல பத்தாண்டுகள் பத்திரிகை வேலை பார்த்தார். 2002இல் 96 வயதில் காலமாகும்வரை கிட்டத்தட்ட எழுதிக்கொண்டேதான் இருந்தார். இரவல் பெயருக்கு எழுதிய கை, சொந்தப் பெயருக்கும் எழுதியது.

அதனால் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல. “இதே வகையில் வேறு யாருக்கும் எழுதக் கூடாது” என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து, இந்தத் தொடரை நீங்கள் எழுதியதாக வேறு பதிப்பாளர்களிடமாவது சொல்லிக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்றால் கூடுதல் தொகை உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை, கேட்பதில் நஷ்டமில்லை. முக்கியமாக, ஆறுக்கு ஒப்புக்கொள்ளாமல் இரண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவர் போட்ட எலும்புக்கூட்டுக்குச் சதை வைப்பதில், துப்பை எங்கே ஒளிப்பது, அத்தியாயத்தை எங்கே வெட்டுவது என்று இரண்டு நாவலிலேயே நிறையக் கற்றுவிடலாம். மூன்றாவதிலிருந்து அலுப்புத் தட்டும்.

வீட்டில் சொல்வதற்கு வருகிறேன். பதின்ம வயதினருக்கு எழுதுவதில் ஒரு சங்கடம் உண்மையிலேயே உண்டு: வாசகர் வளர்ந்துவிடுவார். 12 வயதில் உங்களைக் கண்டுபிடிப்பவர் 17இல் வேறு அலமாரிக்குப் போய்விடுவார், திரும்பிப் பார்க்கமாட்டார். அதே சமயம், புதிதாகப் பன்னிரண்டு வயதானவர்கள் வருடாவருடம் வந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே இந்தத் துறையில் பழைய புத்தகம் பழசாவதில்லை, அச்சில் மட்டும் இருந்தால் போதும். உங்கள் முதல் இரண்டு நாவல்களும் இப்போது அச்சில் இருக்கின்றனவா? இல்லையென்றால், அச்சு நின்றால் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்ற ஷரத்து அந்தப் பழைய ஒப்பந்தங்களில் இருக்கிறதா என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள். புதுத் தொடரைவிட இது அவசரம் என்பேன்.

பெரியவர்களுக்கு எழுதுவதைவிட இது சுலபம் என்று வேறு யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல. பெரியவர்கள் கதையில் துப்பறிபவருக்கு வண்டி இருக்கும், அதிகாரம் இருக்கும், ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வெளியே போகலாம். உங்கள் பதினைந்து வயதுக்காரிக்கு வெளியே போகவே ஒரு பொய் தேவை. போலீஸிடம் ஏன் போகவில்லை, அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் நம்பும்படியான பதில் முதல் ஐம்பது பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். அது வராவிட்டால் அந்த வயது வாசகர் உங்களை மன்னிக்கமாட்டார். மரியாதைக்காகப் படித்து முடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் விளக்கு எரியும் இடம் நன்றாக வந்திருக்கிறது, கை வைக்காதீர்கள். ஆனால் பதினோராம் பக்கத்தில் மாமா வந்து பெட்டியின் பூட்டைத் திறந்துகொடுத்துவிடுகிறாரே, அவரை அன்றைக்கு வீட்டில் இல்லாதபடி செய்துவிடுங்கள். பூட்டை அந்தப் பெண்ணே திறக்கட்டும், அதற்கு இன்னும் நாலு பக்கம் ஆனாலும் சரி.