நீச்சல்குளத்தில் செல் ஓடுகிறது, குளோரின் ஏன் நிற்கவில்லை?

தம்பி, கிறிஸ்துமஸ் லீவுக்கு மார்த்தாண்டம் வந்திருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீ வாடகைக்கு எடுத்த வீட்டில் புதிதாகக் கட்டின உப்புநீர் நீச்சல்குளம் இருக்கிறது. உப்பிலிருந்து குளோரின் உண்டாக்குகிற குளோரினேட்டர் மெஷினை நூறு சதவீதத்தில் வைத்தும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் பூஜ்யம்தான் வருகிறது. இன்னும் உப்புப் போடலாமா என்று கேட்டிருந்தாய். உப்புத் தண்ணியில பிள்ளைகளை இறக்கலாமா என்று தக்கலையில் அம்மா கவலைப்படுவதையும் எழுதியிருந்தாய்.

அம்மாவிடம் தைரியமாகச் சொல். உன் குளத்தில் ஒரு லிட்டருக்கு நாலு கிராம் உப்பு இருக்கும். முட்டத்தில் கால் நனைக்கிற கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம். உன் குளத்தில் கண்ணீரில் இருக்கிற உப்பில் பாதிகூட இல்லை, கண் எரியாது. பயப்பட வேண்டியது உப்புக்கு அல்ல, கதவுக்கு. வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். துணி காயப்போட வசதி என்று அந்தக் கதவுக்கு ஒருநாளும் கல் முட்டுக் கொடுக்காதே.

இனி குளோரின். உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று நம்ம ஊர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அதுவும் குளோரின் குளம்தான். குளோரினேட்டரில் உலோகத் தகடுகள் இருக்கிற பகுதிதான் செல். அதற்குள் மின்சாரம் பாயும்போது உப்பிலிருந்து குளோரின் பிறக்கிறது. அது கிருமியைக் கொன்றபின் திரும்ப உப்பாகவே தண்ணீரில் சேர்கிறது. அதனால் உப்பு சீக்கிரம் தீராது. தண்ணீர் தெறித்துப் போனாலோ, ஃபில்டரைக் கழுவி வெளியேற்றினாலோ, மழையில் நிரம்பி வழிந்தாலோதான் குறையும். உன்னுடையது போன்ற 50,000 லிட்டர் குளத்துக்கு 200 கிலோ உப்புப் போட்டால் 4,000 பி.பி.எம். வந்துவிடும் (ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்). உன் மெஷினின் கையேட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதோடு நிறுத்திக்கொள். மேலும் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் உண்டாகிற குளோரின் எங்கே போகிறது? போன வாரம் மழை விட்டதும் இங்கே எங்கள் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டோம். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கினபின் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இன்னொரு வாளியில் வார்த்து, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். உன் குளத்தில் இருப்பதும் அதே குளோரின்தான். ஆனால் கிணற்று ஆழத்தில் வெயில் படாது. உன் குளமோ பெர்த்தின் டிசம்பர் கோடை வெயிலில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது. காப்பு இல்லாத குளோரினில் பெரும்பகுதியை இரண்டு மூன்று மணி நேர வெயிலே அழித்துவிடும்.

அந்தக் காப்புக்குப் பெயர் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். புதிதாக நிரப்பின குழாய்த் தண்ணீரில் அது துளியும் இருக்காது. உன் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க அதன்மேல்தான். 50,000 லிட்டருக்கு ஒன்றரை கிலோ போட்டால் 30 பி.பி.எம்., இரண்டரை கிலோ போட்டால் 50. முதலில் முப்பதுக்கே போடு. லேசில் கரையாது. பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் திரும்ப வருகிற துவாரத்துக்கு எதிரே தொங்கவிடு. ஒரு வாரம் கழித்து அளந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு போடு. இது ஆவியாகிப் போகாது. கூடிப்போனால் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வழியில்லை, அதனால் அவசரப்படாதே.

இன்னொன்று, செல்லால் குளோரினைத் தக்கவைக்க முடியும், பூஜ்யத்திலிருந்து சட்டென்று தூக்க முடியாது. மணிக்கு 25 கிராம் உண்டாக்குகிற செல் எட்டு மணி நேரம் ஓடினால் 200 கிராம், உன் குளத்துக்கு 4 பி.பி.எம்.தான். வெயிலும் பாசியும் அதற்கு மேல் தின்றால் ஸ்ட்ரிப் பூஜ்யத்தை விட்டு நகராது. எனவே இன்று பொழுது சாய்ந்தபின் பம்பை ஓடவிட்டு, திரவ குளோரின் ஒன்றேகால் லிட்டர் ஊற்று. 12.5 சதவீதம் உள்ளது என்றால் 3 பி.பி.எம். ஏறும். பிறகு செல் பார்த்துக்கொள்ளும்.

சிமெண்ட் பூச்சுக் குளம் என்றால், பூசி ஒரு மாதம் ஆகும்வரை உப்புப் போடாமல் திரவ குளோரினிலேயே ஓட்டுவது நல்லது. புதுச் சிமெண்ட் பி.எச்-ஐ, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, ஏற்றிக்கொண்டே இருக்கும், செல்லும் தன் பங்குக்கு ஏற்றும். அதை 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வை. கூடினால் செல் தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிக்கும். கம்பியோ கத்தியோ வைத்துச் சுரண்டாதே, தகட்டின் பூச்சுப் போய்விடும். பி.எச். குறைக்க ஆசிட் ஊற்றும்போது ஆசிட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும், ஆசிட்டின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியைத் தொடவே கூடாது மக்களே, கிளம்புவது விஷவாயு. இரண்டையும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், தனித்தனியாகப் பூட்டி வை. வாடகை வீடு என்பதால் மருந்துச் செலவு யாருடையது, செல் பழுதானால் யார் மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் இப்போதே பார்த்துக்கொள்.

சரி, குளோரினைத் தின்பது வெயிலா பாசியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. திரவ குளோரின் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதிக்கொள். இரவு முழுக்கச் செல்லை அணைத்து வைத்து, வெயில் ஏறும்முன் மறுபடி அள. ஸ்ட்ரிப் வேண்டாம், சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் வாங்கு. ஒரு பி.பி.எம்.-க்கு மேல் குறைந்திருந்தால் பாசியோ அழுக்கோ இருக்கிறது. ஏறக்குறைய அப்படியே நின்றால், பகலில் தின்றது வெயில்தான். அந்த இரண்டு எண்ணையும், ஸ்டெபிலைசர் அளவையும், செல் மணிக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதி அனுப்பு. எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.