ஈர்ப்பை யாரும் நிறுத்துவதில்லை

கேள்வி: விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை, அதனால் வீரர்கள் மிதக்கிறார்கள். சரி. ஆனால் விமானத்திலேயே மிதக்கப் பயிற்சி கொடுக்கிறார்களாமே! தரைக்கு இவ்வளவு பக்கத்தில் ஈர்ப்பை எப்படி நிறுத்துகிறார்கள்?
– வாசகர், கரூர்

பதில்: நீங்கள் 'சரி' போட்ட இடத்திலேயே தகராறு ஆரம்பம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில். அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். சுமார் 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கும் நிலாவையே பிடித்து வைத்திருக்கும் பூமி, பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் விட்டுவிடுமா?

நாம் எடையாக உணர்வது ஈர்ப்பை அல்ல. தரையோ நாற்காலியோ நம்மைத் தாங்கிப் பிடிப்பதைத்தான். அந்தத் தரையும் நம்மோடு சேர்ந்து விழுந்தால் எடை தெரியாது. விண்வெளி நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நொடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் வேகம் இருப்பதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றியே விழுகிறது.

இனி விமானத்துக்கு வருவோம். பிரான்சில் போர்தோவிலிருந்து கிளம்பும் ஒரு ஏர்பஸ் ஏ310 விமானம், சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு 50 டிகிரி அளவுக்குச் செங்குத்தாக ஏறும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போது எடை ஏறக்குறைய 1.8 மடங்கு. பிறகு விமானி எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கைகள் தூக்காதபடி பார்த்துக்கொள்வார். காற்றின் இழுப்பைச் சரிக்கட்டும் அளவுக்கு மட்டும் எஞ்சின் ஓடும். அந்த நொடியே எல்லோரும் மிதக்க ஆரம்பிப்பார்கள்.

கவனியுங்கள், விமானம் அப்போது இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது! தலைகுப்புறப் பாயும்போதுதான் எடை போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே வீசிய பந்து கையை விட்ட கணத்திலிருந்தே ஈர்ப்பின் வசம்தான். ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒன்றுதான். விமானமும் அப்படியே சுமார் 8,500 மீட்டர் வரை வளைந்து ஏறி, வளைந்து இறங்கும். ஏறுமுகத்தில் பாதி, இறங்குமுகத்தில் பாதி என மொத்தம் 22 நொடி மிதப்பு. அப்புறம் நிமிரும்போது மறுபடி 1.8 மடங்கு.

ஒரே பறப்பில் இதை 31 தடவை செய்வார்கள். நாசாவின் பழைய பயிற்சி விமானத்துக்கு 'வாந்தி வால்நட்சத்திரம்' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. ஈர்ப்பை நிறுத்த ஒரு சுவிட்ச் இருந்திருந்தால், இத்தனை பேர் கையில் பையோடு ஏன் ஏறப்போகிறார்கள்?