பிரேக் கரகரக்கிறது: 31,000 ரூபாய் செலவு செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: ஏழு பேர் போகிற டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறோம். வாங்கி நான்கு வருஷம், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக பிரேக் மிதித்தால் முன்பக்கம் இடதுபுறம் கரகரவென்று அரைக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்க டிஸ்க் இரண்டு, பேட், காலிப்பர் இரண்டு, பின்பக்க ஷூ எல்லாம் மாற்ற 31,000 ரூபாய் ஆகும் என்றார்கள். உள்ளூர் மெக்கானிக்கோ, "கடற்கரை வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், பேட் மட்டும் போட்டா போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, கீழக்கரை

பதில்: இரண்டு பேருமே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதனால் இரண்டு பேச்சையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் அரைக்கிறது என்கிறீர்கள். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேட் தேய்ந்துபோய் அதன் இரும்புத் தகடு டிஸ்கில் உரசும்போதுதான் பெரும்பாலும் இப்படிக் கேட்கும். இந்த நிலையில் வண்டியை ராமநாதபுரம் வரை ஓட்டிப் போகாதீர்கள். ஈசிஆரில் ஆடு எப்போது குறுக்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லி, முன்சக்கரம் இரண்டையும் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள்.

புது பேடில் லைனிங், அதாவது உரசித் தேய்கிற பகுதி, சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து "பேட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் வெளிப்பக்க பேட்தான் தெரியும். உள்பக்கத்தில் இருப்பது மறைந்திருக்கும், நம் பக்கத்து வண்டிகளில் முதலில் தீர்வது பெரும்பாலும் அதுதான். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் லைனிங் பாதிக்கு மேல் இருக்க, அதன் ஜோடி வெறும் தகடாகப் பளபளத்தால், கோளாறு பேடில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் காலிப்பரில்.

காலிப்பர், ‘பின்’ (pin) எனப்படும் இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் உள்ளும் வெளியும் நகர வேண்டும். பின்னை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போய்த் துரு பிடிக்கும், அந்தப் பின் இறுகிவிடும். அப்புறம் கால் எடுத்தாலும் பேட் டிஸ்கை விடாது. தனுஷ்கோடி பக்கம் போய் வருகிற வண்டியென்றால் மணலும் சேர்ந்துகொள்ளும். இதைச் சரிசெய்யாமல் புது பேட் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். உங்கள் மெக்கானிக் சொல்லும் வைத்தியத்தில் குறை இதுதான்.

அதற்காக 31,000 ரூபாய் வைத்தியமும் வேண்டாம். பின்னை உருவித் துருவைத் தேய்த்து, புது ரப்பர் உறை மாட்டி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் பூசினால் பல காலிப்பர் பிழைத்துக்கொள்ளும். கடையில் கைக்குக் கிடைக்கிற சாதா கிரீஸைத் தடவ விடாதீர்கள், ரப்பர் ஊதிப்போய் அந்தப் பின் மறுபடி இறுகும். காலிப்பருக்குள் பேடை அழுத்தும் பிஸ்டன் தள்ளினால் உள்ளே போகவில்லை, அல்லது பிரேக் ஆயில் கசிகிறது என்றால்தான் காலிப்பரைப் பற்றிப் பேசலாம், அதுவும் எந்தப் பக்கம் கெட்டதோ அந்தப் பக்கத்துக்கு.

டிஸ்க் விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம், அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கனம் போதுமானதாக இருந்து மேலே கீறல் மட்டும் என்றால் லேத்தில் கடைந்து எடுத்தால் போதும். பேட் மட்டும் எப்போதும் இடது வலது சேர்த்துத்தான். பின்சக்கரத்தில் டிரம் என்ற கிண்ணத்துக்குள் இருந்து பிரேக் பிடிக்கும் ஷூவுக்கும் முன்பக்கச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. டிரம்மைத் திறந்து பார்த்து, லைனிங் இருந்தால் மூடிவிடச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே, கழற்றும் பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையிலேயே எஸ்டிமேட் இளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பில்லில் ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான், பழைய 28 இல்லை.

புது பேட் போட்டதும் வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை சில தடவை மிதியுங்கள், முதல் மிதி சும்மா உள்ளே போய்விடும். முதல் ஒன்றிரண்டு நாள் மெதுவாகவே பிரேக் பிடியுங்கள்.

கேள்வி: காலையில் வண்டியை எடுத்ததும் நாலைந்து தடவை பிரேக் பிடிக்கும்வரை கரகரக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. டிஸ்க் மாற்ற வேண்டுமா?
வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். ராத்திரி ஈரத்தில் டிஸ்க் மேல் படிகிற லேசான துரு அது, பேட் பட்டதும் போய்விடும். கடலோரம் போய் வந்தால் டிஸ்க் ஆறிய பிறகு சக்கரத்தின் உள்பக்கம் நல்ல தண்ணீர் அடித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் பிடித்துக் காயவிட்டு நிறுத்துங்கள். பல நாள் நிற்கப் போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரு கடையில் பிரேக் வேலை முழுதும் செய்தோம். ஒரு மாதத்தில் அதே சத்தம். கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை. மதுரையில்தான் வழக்குப் போட வேண்டுமா?
வாசகர், தொண்டி

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்களுக்கு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் கடைக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பிவிட்டு, 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் வண்டியைத் திறப்பதாக இருந்தால், திறக்கும்போதே போட்டோ எடுத்து, என்ன கோளாறு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வேலை செய்திருந்தால், பணம் அனுப்பிய ஜிபே விவரமாவது கையில் இருக்கட்டும்.