வில்லங்கத்தில் வராத வழக்கு
வாசகர் கேள்விகளுக்கு, நீதிமன்ற நகல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிரஸ்தார் (கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியர்) பதிலளிக்கிறார்

கேள்வி: அம்மா, எங்கள் ஊர்ப் பக்கம் 80 சென்ட் புஞ்சை வாங்குவதாகப் பேசி முடித்திருக்கிறோம். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர், "அண்ணன் தம்பிக்குள்ள கேசு கெடக்குதுங்க, பாத்து வாங்குங்க" என்கிறார். புரோக்கரோ, "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்கிறார். அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத நான் கோர்ட்டில் போய் யாரிடம் என்ன கேட்பது?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்த அட்வான்ஸைத் தள்ளிப் போடுங்கள், தம்பி.

வில்லங்கச் சான்றில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை மட்டும்தான். கோர்ட் ஜப்தி உத்தரவு அந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால் அது ஏறியிருக்கும். ஆனால் பாகம் கேட்டு ஒருவர் போட்ட வழக்கு தானாக அதில் ஏறாது. 30 வருடம் இல்லை, 60 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அதே சமயம், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்கிறது? வழக்கு நடக்கும்போது அந்தச் சொத்தை வாங்குகிறவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். "எனக்குத் தெரியாது, காசு கொடுத்துத்தான் வாங்கினேன்" என்பது அங்கே எடுபடாது.

நான் நகல் பிரிவு ஜன்னலில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள். ஒரு நாள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். கிரயப் பத்திரத்தை பாலிதீன் உறைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் வாங்கிய காட்டை அளக்க, கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் சங்கிலியோடு வந்து நின்ற பிறகுதான் வழக்கு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியும். நகல் பெற நீதிபதியின் உத்தரவு வாங்கி வந்ததும் வழக்குக் கட்டை எடுத்து டிக்ரியின், அதாவது தீர்ப்பாணையின், கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை என்று ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துத் தன் பத்திரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். வடக்கு எல்லையில் விரல் நின்றுவிட்டது. அவர் கிரயம் வாங்குவதற்கு மூன்று வருடம் முன்பே அந்த டிக்ரி வந்திருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் யாராவது "வில்லங்கம் சுத்தம்" என்று சொன்னால் அந்த விரல்தான் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது தேடும் வழி. இ-கோர்ட்ஸ் இணையதளம் அல்லது செயலியைத் திறந்து மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுங்கள். காசு கிடையாது. நிலம் சம்பந்தப்பட்ட வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குரிய கோர்ட்டில்தான் போட முடியும் என்பதால் வளாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் சொத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டிலும் இருக்கலாம், சப் கோர்ட்டிலும் இருக்கலாம், மாவட்ட கோர்ட்டிலும் இருக்கலாம். மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அங்கே சர்வே எண்ணைப் போட்டுத் தேட முடியாது. ஆள் பெயரும் வருடமும் கொடுத்துத்தான் தேட வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமாக. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தொல்லை. லட்சுமி என்ற ஒரே பெயரை 'கே, எஸ், எச்' போட்டும் எழுதுவார்கள், 'எக்ஸ்' போட்டும் எழுதுவார்கள், 'லெட்சுமி' என்றும் எழுதுவார்கள். செல்வராஜ் இன்னொரு இடத்தில் செல்வராஜு ஆகியிருப்பார். இனிஷியல் முன்னால் வந்திருக்கும், அல்லது பின்னால் போயிருக்கும். அதனால் இனிஷியலை விட்டுவிட்டு, பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். விற்பவர் பெயரோடு நிற்காதீர்கள். அவர் அண்ணன், தங்கை, அம்மா, இறந்துபோன அப்பா என்று எல்லாப் பெயரையும் போடுங்கள். பாக வழக்கை வீட்டுப் பெண்கள் போட்டிருப்பதும் உண்டு.

நடப்பில் உள்ளவை, முடிந்தவை என்று பிரித்துக் கேட்கும். இரண்டையும் பாருங்கள். புரோக்கர் சொல்லும் "முடிஞ்சுபோச்சு" என்ற வார்த்தையில்தான் எனக்குப் பயம். பாக வழக்கில் முதலில் வருவது பிரிலிமினரி டிக்ரி. யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். அது வந்ததுமே கணினியில் வழக்கு 'முடிந்தது' என்று காட்டலாம். எந்தப் பக்கத்து மண் யாருக்கு என்பது கமிஷனர் அளந்து, ஃபைனல் டிக்ரி வந்த பிறகுதான் தீரும். ஃபைனல் டிக்ரி கேட்க இத்தனை வருடம் என்ற கெடுவும் இல்லை. பதினைந்து வருடம் தூங்கிவிட்டு ஒருவர் எழுந்து வந்து கேட்கலாம். எனவே 'முடிந்தது' என்று இருந்தால் எப்படி முடிந்தது என்று பாருங்கள். தள்ளுபடியா, ராஜியா, டிக்ரியா?

வழக்கு கிடைத்துவிட்டால் ஓ.எஸ். எண்ணையும் (அந்தக் கோர்ட் சிவில் வழக்குக்குப் போடும் எண்), கணினி தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சி.என்.ஆர். தமிழ்நாட்டு வழக்கென்றால் 'டி, என்' என்று தொடங்கி வருடத்தில் முடியும். இந்த எண் கையில் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால், வேலை செய்கிறவர்கள் நல்லவர்களாக இருந்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

அடுத்து பிராது (வாதி முதலில் தாக்கல் செய்த மனு) நகலும் டிக்ரி நகலும் வேண்டும். வழக்கில் சேராதவர் நகல் கேட்டால், ஏன் தேவை என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். "இந்தச் சொத்தை வாங்க இருக்கிறேன்" என்பது சொல்லத் தக்க காரணம்தான். ஒரு வக்கீலை வைத்துச் செய்யுங்கள். இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. விற்பவர் அந்த வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தால் அவருக்கு உத்தரவெல்லாம் தேவையில்லை. நகல் மனு போட்டால் போதும். "நீங்களே வாங்கிக் கொடுங்கள், செலவு என்னுடையது" என்று கேளுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் நிலம் வாங்காதீர்கள்.

கேள்வி: 1981-இல் என் அப்பா வரப்புத் தகராறில் வழக்குப் போட்டு ஜெயித்தார். விளம்புகையும் (உரிமை எங்களுடையது என்ற அறிவிப்பு) நிரந்தரத் தடையும் கிடைத்ததாகச் சொல்லுவார். காகிதமெல்லாம் கரையான் தின்றுவிட்டது. இப்போது அதே வரப்பை மறுபடி வெட்டுகிறார்கள். இணையத்தில் ஒன்றும் வரவில்லை.
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: இணையத்தில் வராததால் வழக்கே இல்லை என்று ஆகாது, அம்மா. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே முடிந்துபோன வழக்கு அது.

எண் தேடுவதுதான் பாதி வேலை. அந்த நிலத்தைப் பற்றி 1981-க்குப் பிறகு எழுதிய பத்திரங்களில், குடும்பப் பாகப் பத்திரம் உட்பட, "கோர்ட்டு ஓ.எஸ். இத்தனாம் எண் தீர்ப்பின்படி" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பட்டா மாற்றிய உத்தரவிலும் இருக்கும். அப்பாவின் வக்கீல் இல்லாவிட்டாலும் அவரிடம் ஜூனியராக இருந்தவரைக் கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் வழக்குப் பதிவேடு இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி ஒவ்வொரு வழக்கும் வருடவாரியாக எண் போட்டு அதில் எழுதப்பட்டிருக்கும். வருடம் சரியாகத் தெரிந்தால் தேடிப் பார்க்க மனு கொடுக்கலாம். அப்பா "81" என்று சொல்வது தீர்ப்பு வந்த வருடமாகவும் இருக்கலாம், அதனால் 1978 வரை பின்னால் போய்த் தேடச் சொல்லுங்கள்.

எந்த ஊர் கோர்ட் என்பதிலும் கவனம் வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான், அதற்கு முன் ராமநாதபுரம். எதிராளி அப்பீல் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு பழைய மாவட்ட கோர்ட்டின் ரெக்கார்டில் இருக்கலாம். உயர்நீதிமன்றம் வரை போயிருந்தால் சென்னை. மதுரைக் கிளை 2004 ஜூலை 24-இல்தான் தொடங்கியது.

சாட்சி ஆவணங்கள், இடைக்கால மனுக்கள் எல்லாம் உரிய காலம் கழிந்ததும் அழிக்கப்படும். தீர்ப்பும் டிக்ரியும் அவற்றைவிட நெடுநாள் வைத்திருக்கப்படும். நகல் மனு போட்டபின் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நகலுக்கான முத்திரைத்தாள் கேட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். கெடுவுக்குள் தாள் கட்டவில்லை என்றால் மனுவை அடித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. எத்தனையோ வயதானவர்கள் இதற்காகவே இரண்டு மூன்று முறை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கஷ்டப்பட்டுத் தேடுவதற்குப் பலன் இருக்கிறது. பணம், சுவாதீனம் (சொத்தைக் கையில் ஒப்படைப்பது) போன்ற டிக்ரிகளை நிறைவேற்ற 12 வருடம்தான் கெடு. நிரந்தரத் தடைக்கு அந்தக் கெடு கிடையாது. அப்பீலில் ரத்தாகியிருக்காவிட்டால், உங்கள் அப்பா வாங்கிய தடை இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: வழக்குக் கட்டின் நகலை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: சரிதான். குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. வழக்குக் கட்டின் நகலை கோர்ட் விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். கோர்ட்டின் நிர்வாகத் தகவல் வேறு, அதை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பார்த்திருக்கும் வரன் ஏற்கெனவே விவாகரத்தானவர். அந்த வழக்குக் காகிதங்களை எப்படிப் பார்ப்பது?
– ஒரு தாய், சேலம்

பதில்: அதை நீங்கள் பார்க்க வழியில்லை, பார்க்கவும் கூடாது. இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 22-இன்படி அந்த விசாரணை மூடிய அறையில் நடப்பது, வெளியிடக் கூடாதது. அதில் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது. ஆனால் உங்கள் கவலை நியாயமானது. டிக்ரியின் சான்றிட்ட நகலை அந்தப் பையனிடமே கேளுங்கள். கொடுத்தால் தேதியைப் பாருங்கள், அப்பீல் ஏதும் போடப்பட்டிருக்கிறதா என்று அவர் வக்கீல் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸை நம்ப வேண்டாம், கோர்ட் முத்திரை பதித்த நகலாகக் கேளுங்கள்.